டிராக்டரில் டிரைலர் மாட்டும் முறை: கொக்கி உயரம் முதல் எடைமேடை வரை

மதுரைப் பக்கம் சோழவந்தானுக்கு மேற்கே, வாய்க்கால் கரையை ஒட்டி எங்கள் வயல். ஒரு அறுவடைக்கு நூறு சிப்பம் நெல்லை டிரைலரில் ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்பினேன். சிப்பம் ஒன்று 40 கிலோ, ஆக நெல் மட்டும் 4 டன். வயலிலிருந்து கரைக்கு ஏறும் சரிவு இருபது அடிதான் இருக்கும். பாதி ஏறியபோது ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டது. இடது பக்கம் ஒடிக்கிறேன், வண்டி நேராகவே போகிறது. எட்டிப் பார்த்தால் முன்சக்கரம் இரண்டும் மண்ணைத் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. கிளட்ச்சை மிதித்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தினேன். முன்பக்கம் தொப்பென்று இறங்கியது. நாற்பது சிப்பத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் கரை ஏறினேன்.

மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் இஞ்சின் பக்கமே போகவில்லை. நேராகப் பின்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏந்தம்பி, கொக்கிய யாரு இவ்வளவு மேல ஏத்துனது?"

"நாந்தாண்ணே. காலி வண்டி முன்னால குனிஞ்ச மாதிரி நின்னுச்சு. மட்டமா இருக்கட்டும்னு ஏத்தி மாட்டுனேன்."

"காலி வண்டிக்கு மட்டம் பாத்து என்ன பண்ணப் போறீங்க? பாரத்தோட பாருங்க."

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சுற்றித்தான் கீழே எழுதியிருப்பது எல்லாம். நம் பக்கம் அதிகம் ஓடும் இரண்டு சக்கர டிரைலரையும் டிப்பரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். நான்கு சக்கர டிரைலரில் முன் அச்சு டர்ன்டேபிள் என்ற திரும்பும் தட்டோடு தனியாக இருப்பதால் கொக்கியில் பாரம் உட்காராது. அந்த டிரைலர் வைத்திருப்பவர்களுக்கு, கொக்கியில் சொருகும் பின், சங்கிலி, பிரேக் பற்றிய பகுதிகள் மட்டும் போதும்.

முதலில் ஆர்.சி.யை எடுங்கள்

டிராக்டருக்கு ஒரு ஆர்.சி., டிரைலருக்குத் தனியாக ஒன்று. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் டிராக்டர் என்பது தானே சுமை ஏற்றாத வண்டி. சுமை ஏற்றும் டிரைலர் வேறு வண்டி. அதனால் டி.என். 58 ஆனாலும் 59 ஆனாலும் 64 ஆனாலும் டிரைலருக்கென்று தனி எண் இருக்க வேண்டும். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. டிரைலரின் வெற்று எடை, சுமையோடு இருக்கலாம் என்று அனுமதித்த மொத்த எடை இரண்டும் அதில்தான் இருக்கின்றன. டிராக்டரோடு வந்த கையேட்டில் எவ்வளவு இழுக்கலாம், கொக்கியின் மேல் எவ்வளவு எடை உட்காரலாம் என்று போட்டிருக்கும். கையேடு காணாமல் போயிருந்தால் டீலரிடம் கேட்டு வாங்குங்கள். குதிரைத்திறனை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். இழுப்பதற்கு வேண்டியது இஞ்சின் பலம், நிறுத்துவதற்கு வேண்டியது வண்டியின் எடையும் பிரேக்கும்.

அப்புறம் சுமையின் எடை. ஒரு யூனிட் மணல் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். காய்ந்த மணலே நாலரை டன் வரும். மழையில் நனைந்தால் ஐந்து டன்னைத் தாண்டும். தண்ணீர் டேங்கர் கணக்கு சுலபம்: ஆயிரம் லிட்டர் ஒரு டன். வைக்கோல் கண்ணுக்கு மலையாகத் தெரியும், எடை கம்மி. அதில் பயப்பட வேண்டியது உயரத்துக்கும் காற்றுக்கும்.

எந்த இடத்தில் மாட்டுவது

டிராக்டருக்குப் பின்னால் போய் நின்றால் டிரைலர் மாட்டத் தோதாகத் தெரியும் இடங்கள் மூன்று நான்கு இருக்கும். எல்லாமே அதற்காக வைத்தவை இல்லை.

மேலே, சீட்டுக்குப் பின்னால் இருப்பது, கலப்பையின் மேல்முனையைப் பிடிக்கும் டாப் லிங்க் கம்பியை மாட்டும் பிராக்கெட். இதில் எதையும் கட்டி இழுக்கவே கூடாது. சேற்றில் மாட்டிய வண்டியை எடுக்கும் அவசரத்தில் கயிற்றை இங்கே கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பின் அச்சின் நடுமட்டத்துக்கு மேலே எங்கே கட்டி இழுத்தாலும், இழுக்க இழுக்க முன்பக்கம் தூக்கும். கண்மூடித் திறப்பதற்குள் டிராக்டர் ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும்.

கலப்பையைத் தூக்கும் கீழ்க் கைகளான இரண்டு லோயர் லிங்க்குக்கும் நடுவே குறுக்காகப் போடும் ஓட்டைப் பட்டை அடுத்தது. இது ஹைட்ராலிக் கையைப் பிடித்துத் தொங்குகிறது. லிவரில் கை பட்டால் ஏறும், ஆயில் கசிந்தால் இறங்கும். பக்கவாட்டிலும் ஆடும். களத்துக்குள்ளேயே ஏதாவது சின்னச் சாமானை இழுத்துக்கொள்ளலாம். ரோட்டில் நெல் ஏற்றிய டிரைலருக்கு இது வேண்டாம்.

மிச்சம் இருப்பவை இரண்டு. கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்குக் கீழே டிராக்டரின் உடம்போடு சேர்ந்திருக்கும் டிராபார் ஒன்று. பின்பக்கம் இரும்புத் தண்டவாளம் போன்ற பட்டையில் ஏற்றி இறக்கும்படி ஓட்டைகளோடு வரும் டிரைலர் கொக்கி இன்னொன்று. பாரம் ஏற்றிய டிரைலரை இந்த இரண்டில்தான் மாட்ட வேண்டும். உங்கள் டிராக்டரில் இருக்கும் கொக்கி கம்பெனியிலிருந்து வந்ததா, பின்னால் யாராவது பற்றவைத்ததா என்று பாருங்கள். பற்றவைப்பில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் அதன் மேலேயே இன்னொரு கோட்டுப் பற்றவைப்பது தீர்வு இல்லை. கழற்றிப் போட்டுவிட்டுப் போல்ட்டில் மாட்டும் புதுக் கொக்கியை வாங்குவதுதான் சரி.

கொக்கி உயரம்: பாரத்தோடு அளப்பது

நான் செய்த தப்பு இந்த இடத்தில்தான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

டிராக்டரின் பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது. பாரம் ஏறினால் டயர் நசுங்கும் அளவுக்குத்தான் கொக்கி இறங்கும். டிரைலருக்கு ஸ்பிரிங் பட்டை இருக்கிறது. பாரம் ஏறியதும் பட்டையும் வளையும், டயரும் நசுங்கும். என் டிரைலரில் நூறு சிப்பம் ஏற்றியபோது அச்சுக்கு மேலே 6 சென்டிமீட்டர் இறங்கியது. கொக்கி இறங்கியது 3 சென்டிமீட்டர்தான். ஆக, காலியாக இருக்கும்போது ரசமட்டம் வைத்தாற்போல் நின்ற தொட்டி, பாரம் ஏறியதும் முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தாழ்ந்து நிற்கும்.

மூக்கு தூக்கினால் என்ன? சுமை பின்பக்கம் சரியப் பார்க்கும். கொக்கியை அழுத்த வேண்டிய டிரைலர், கொக்கியை மேலே நெம்ப ஆரம்பிக்கும். வேகத்தடையில் பின் 'டங்'கென்று அடிக்கும் சத்தம் கேட்டிருப்பீர்களே, பாதி அதனால்தான். பின்பாரமான டிரைலர் வாலாட்டவும் செய்யும். போதாததற்கு, கொக்கி உயர உயர, ஏற்றத்தில் இழுக்கும்போது டிராக்டரின் முன்பக்கம் லேசாகும். மாறாக, மூக்கு ரொம்பக் குனிந்தால் பாரம் முழுக்கக் கொக்கியில் போய் விழும். அதுவும் முன்சக்கரத்தைத் தூக்கும். அதனால்தான் மட்டம் தேவைப்படுகிறது.

அளப்பது இப்படி. சிமெண்ட் போட்ட நெற்களம் மாதிரி சமதளமான இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். முதல் வேலை காற்று. டிரைலரின் இரண்டு டயரிலும் ஒரே அளவு காற்று இருக்க வேண்டும். எவ்வளவு என்பதை டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் குறைந்தால் நீங்கள் எடுக்கும் அளவு எல்லாம் வீண். அடுத்து, வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, வழக்கமாக அடுக்கும் விதத்திலேயே அடுக்குங்கள். டிராக்டரில் மாட்டி, பத்தடி முன்னால் ஓட்டி, நேராக நிறுத்துங்கள். அப்போதுதான் பட்டை தன் இடத்தில் உட்காரும்.

தொட்டியின் அடிச்சட்டத்தில் முன்மூலையில் ஒரு சாக்பீஸ் கோடு, பின்மூலையில் ஒரு கோடு. இரண்டிலிருந்தும் தரை வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். மற்றப் பக்கமும் அளங்கள். இடதும் வலதும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கும், அல்லது உள்ளே ஒரு தகடு உடைந்திருக்கும். அதை முதலில் சரிபண்ணிவிட்டு மேலே போங்கள்.

என் அளவு: முன்னால் 96 சென்டிமீட்டர், பின்னால் 93. வித்தியாசம் 3. கொக்கியை எவ்வளவு இறக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வித்தியாசத்தைக் கொக்கிக்கும் டிரைலர் அச்சுக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். என் வண்டியில் இரண்டுமே பத்தடி, அதனால் அதே 3 சென்டிமீட்டர். கொக்கியிலிருந்து அச்சு 12 அடி, கோடுகளுக்கு நடுவே 10 அடி என்றால் 3.6 வரும்.

தண்டவாளக் கொக்கியில் ஓட்டைகள் இஷ்டத்துக்கு வராது. உங்கள் அளவு இரண்டு ஓட்டைக்கு நடுவில் விழுந்தால் கீழ் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பாரத்தோடு மூக்கு ஓரிரு சென்டிமீட்டர் குனிந்திருந்தால் தப்பில்லை, தூக்கியிருக்கத்தான் கூடாது. சில டிராக்டரில் டிராபார் வளைந்த பட்டையாக வரும். கழற்றித் தலைகீழாகப் போட்டால் உயரம் மாறும். சில டிரைலரின் மூக்கில் வளையத்தை மேலும் கீழும் மாற்றிப் போல்ட் போட ஓட்டைகள் விட்டிருப்பார்கள். இந்த மூன்றும் இல்லாவிட்டால்தான் பட்டறை. உயரம் வரவில்லை என்று டிரைலரிலிருந்து கொக்கிக்கு நீளும் ஏர்க்கால் சட்டத்தைச் சூடுபண்ணி வளைக்கச் சொல்லாதீர்கள். வளைத்த இடம்தான் முதலில் விடும்.

மாற்றிய பிறகு காலியாக ஒருமுறை அளந்து டிராக்டரின் மட்கார்டு உள்பக்கம் பெயிண்டில் எழுதி வைத்துவிட்டேன். என் டிரைலர் காலியில் மூக்குக் குனிந்துதான் நிற்கிறது. பார்ப்பவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

பின்

ஐந்து டன் பாரமும் கடைசியில் தொங்குவது கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பின்னில். அதற்கு நாம் தரும் மரியாதை எப்படி என்றால், தொலைந்தால் ஒரு முறுக்குக் கம்பியை வெட்டிச் சொருகுவது. அல்லது பெரிய போல்ட் ஒன்றைப் போட்டு நட்டு முடுக்குவது. கட்டடக் கம்பி இந்த வேலைக்கு இல்லை. போல்ட்டில் மரை வெட்டிய இடம்தான் பலவீனமான இடம், சரியாக அங்கேதான் அறுபடும்.

டிரைலர் பின்னாகவே விற்பதை வாங்குங்கள். ஓட்டைக்குள் தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் லொடலொட என்று ஆடக் கூடாது. நான் வைத்திருக்கும் அளவு: பின்னைப் போட்டு ஆட்டிப் பார்த்தால் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் பின்னையோ வளையத்தின் புஷ்ஷையோ மாற்றிவிடுவேன். பழைய பின்னை வெயிலில் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, இடுப்பு ஒடுங்கிய மாதிரித் தெரியும். விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் அந்த ஒடுக்கில் நகம் தடுக்கும். தடுக்கிவிட்டால் அந்தப் பின் பழைய இரும்புக்குத்தான்.

மேலேயிருந்து போட்ட பின் கீழே ஒரு லிஞ்ச் பின்னால் பூட்டப்பட வேண்டும். வளையத்தோடு, ஸ்பிரிங் மாதிரி மடக்கிப் பூட்டும் சின்னப் பின் அது. ஆணி, மடித்த கட்டுக்கம்பி, சைக்கிள் ஸ்போக் எல்லாம் ஒரே ஒரு பயணம்கூடத் தாங்கும் என்று சொல்ல முடியாது. விலை அதிகமில்லாத சாமான். நான்கு வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள்.

மாட்டும் நேரம்

டிரைலர் மாட்டும்போது விபத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒருவர் ரிவர்ஸ் எடுக்கிறார், இன்னொருவர் நடுவில் நின்று டிரைலர் மூக்கைக் கையால் தூக்கிப் பிடிக்கிறார், கிளட்ச் ஒரு இம்மி அதிகமாக விடுகிறது. நடுவில் நிற்பவருக்கு ஓட இடம் கிடையாது. வீட்டுப் பையன்களைத்தான் அந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதால் இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போக மனமில்லை.

அதனால் வரிசை இதுதான். டிரைலர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. மூக்கு ஸ்டாண்டில் நிற்க வேண்டும். திருகு ஜாக்கி இருந்தால் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்கலாம். கொக்கி மட்டத்துக்குச் சரியாக மூக்கைத் திருகி வைத்துவிட்டால் யாரும் தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை. சைகை காட்டுபவர் டிரைலருக்குப் பக்கவாட்டில், ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி, சக்கரத்துக்கு வெளியே நிற்கட்டும். டிராக்டர் ஊர்ந்து வந்து ஒரு சாண் முன்னால் நிற்கட்டும். பார்த்துவிட்டு, மிச்சத்தையும் ஊர்ந்து வரட்டும். ஓட்டைகள் நேராக வந்ததும் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், இஞ்சின் ஆஃப். அதற்குப் பிறகுதான் நடுவே போக வேண்டும். ஓட்டை நேராகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்காதீர்கள், ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.

பின்னைப் போட்டு, லிஞ்ச் பின்னைப் பூட்டி, ஸ்டாண்டை முழுக்கத் தூக்கிக் கட்டுங்கள். ஸ்டாண்டை அரைகுறையாகத் தூக்கிவிட்டுக் கிளம்பி முதல் வேகத்தடையிலேயே அதைக் கழற்றிக்கொண்டவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். எங்கள் ஊரில் அது நான்தான்.

சங்கிலி, ஓஸ், ஒயர்

பின் விட்டுவிட்டால் டிரைலரைப் பிடித்து வைக்க அடுத்து இருப்பது சங்கிலி மட்டும்தான். நம் பக்கம் பத்தில் ஒரு டிரைலரில்கூட நான் பார்த்ததில்லை. இரண்டு சங்கிலியாகப் போட்டு, மூக்குக்கு அடியில் எக்ஸ் வடிவில் குறுக்கே கடத்தி மாட்டினால், பின் கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். சங்கிலியை டிராக்டரின் உடம்போடு சேர்ந்த இடத்தில் மாட்டுங்கள். கொக்கியிலேயே மாட்டினால் கொக்கி போகும்போது சங்கிலியும் சேர்ந்து போய்விடும். டிரைலரின் மொத்த எடையைத் தாங்கும் சங்கிலியாக இருக்க வேண்டும், மாடு கட்டும் சங்கிலி உதவாது.

நீளம் எவ்வளவு விடுவது? ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து, மெதுவாக ஒரு வட்டம் போட்டு, இன்னொருவரைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். சங்கிலி விறைக்கவும் கூடாது, தரையில் உரசவும் கூடாது. அதே வட்டத்தில் டிப்பருக்கு ஆயில் போகும் ஹைட்ராலிக் ஓஸையும் லைட் ஒயரையும் பார்த்துக்கொள்ளலாம். டிராக்டரின் பெரிய டயர் டிரைலரின் ஏர்க்கால் சட்டத்தில் உரசுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். லோயர் லிங்க் இரண்டையும் மறந்துவிடாதீர்கள். கழற்றி வைப்பது நல்லது. இல்லையென்றால் மேலே தூக்கி, பக்கச் சங்கிலியை இறுக்கிவிடுங்கள். தளர்ந்து தொங்கினால் திரும்பும்போது டிரைலர் சட்டத்தில் இடித்து வளைந்துபோகும்.

ஓஸின் முனையை மாட்டும்முன் துணியால் துடையுங்கள். ஒரு சிட்டிகை மண் உள்ளே போனால் போதும், ஆயில் கெட்டு, பிறகு பம்ப்பும் கெடும்.

லைட்: பின்பக்கம் சிவப்பு விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட், பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் ஒளிரும் ஸ்டிக்கர். வைக்கோலோ கரும்போ ஏற்றினால் இவை எல்லாம் மறைந்துவிடும். சுமைக்கு வெளியே தெரியும்படி ஒளிரும் பட்டையைக் கட்டாமல் இருட்டில் நான்குவழிச் சாலைக்கு ஏறாதீர்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு, இருபதில் போகும் விளக்கில்லாத டிரைலர் நின்றுகொண்டிருக்கும் சுவர்தான்.

சுமை அடுக்குவதும் எடைமேடையும்

மட்டமும் பின்னும் சரியாக இருந்தாலும் அடுக்குவதில் எல்லாவற்றையும் கெடுத்துவிடலாம். என் நூறு சிப்பத்தில் நடந்தது அதுவும்தான். ஏற்றியவர்கள் முன்பலகையை ஒட்டி உயரமாக அடுக்கிவிட்டு, பின்பக்கம் கதவோரம் இரண்டு அடுக்கு மட்டும் வைத்திருந்தார்கள். இறக்கச் சுலபம் என்றார்கள்.

இரண்டு சக்கர டிரைலரில் டிரைலரும் சுமையும் சேர்ந்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் உட்கார்ந்தால் நல்லது. குறைந்தால் வாலாட்டும், கூடினால் டிராக்டரின் மூக்கைத் தூக்கும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆனால் எடைமேடையில் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். வாடிப்பட்டி, திருமங்கலம், மேலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ரோட்டோரம் எடைமேடை இருக்கிறது. கூட்டமில்லாத நேரத்தில் போய் நான்கு எடை போடச் சொல்லுங்கள்.

டிராக்டர் மட்டும் ஒரு எடை. சுமையோடு டிரைலரும் டிராக்டரும் சேர்ந்து ஒரு எடை. கழற்றாமல், டிரைலர் சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை. டிராக்டரின் முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை. மேடையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் கடைசி இரண்டும் சரியாக வரும்.

ஒரு எடுத்துக்காட்டு. டிராக்டர் 2,050 கிலோ. இரண்டும் சேர்ந்து 7,150. ஆக சுமையோடு டிரைலர் 5,100. டிரைலர் சக்கரம் மட்டும் 4,450. 5,100-ல் 4,450 போக மிச்சம் 650 கிலோ. அதுதான் கொக்கியில் உட்காருவது. கிட்டத்தட்ட 13 சதவீதம், நல்ல கணக்கு. முன்சக்கரத்தில் 590 கிலோ வருகிறது என்று வைப்போம். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருந்தால்தான் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும். 2,050-க்கு அது 410. ஆக, சமதளத்தில் 180 கிலோ கைவசம் இருக்கிறது.

சமதளத்தில் என்று சொன்னதைக் கவனியுங்கள். பத்தடிக்கு ஒரு அடி ஏறும் சரிவில், ஐந்து டன்னை இழுப்பதாலும் டிராக்டரே சாய்வதாலும் சேர்ந்து இன்னும் இருநூறு கிலோவுக்குமேல் முன்சக்கரத்தில் குறைந்துவிடும். அப்போதே கைவசம் இருந்தது தீர்ந்துவிட்டது. வாய்க்கால் கரைச் சரிவுகள் அதைவிடச் செங்குத்து. அதற்கு இரண்டு வழி: முன்னால் எடைக்கட்டி மாட்டுவது, அல்லது சுமையைக் குறைப்பது. பம்பரில் இரண்டு ஆளை உட்காரவைப்பது மூன்றாவது வழி என்று நம் ஆட்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். டிரைலர் மேலேயும் ஆள் ஏற்றாதீர்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

நெல் மூட்டை என்றால் அச்சுக்கு நேர் மேலே ஆரம்பித்து முன்னும் பின்னும் பரப்பி, கடைசி அடுக்கை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால் கணக்கு தானாக வந்துவிடும். தண்ணீர் டேங்கர் தனி ரகம். நிறைந்த டேங்கர் சொன்னபடி கேட்கும். பாதித் தண்ணீரோடு போவதுதான் ஆபத்து. பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் வந்து இடிக்கும், திரும்பினால் வெளிப்பக்கம் ஒதுங்கும். உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்று வாங்கும்போதே மூடியைத் திறந்து பாருங்கள்.

ரோட்டில்

கிளம்பும்முன் டிராக்டரின் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துக் கொண்டி போடுங்கள். வயலில் தனித்தனியாக மிதித்துப் பழகிய கால், ரோட்டில் அவசரத்துக்கு ஒன்றை மட்டும் மிதித்தால், பின்னால் ஐந்து டன் தள்ளும்போது டிராக்டர் குறுக்கே திரும்பிவிடும். டிராக்டரும் டிரைலரும் கொக்கியில் மடக்குக் கத்தி மாதிரி மடங்கும்.

இரண்டு கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்துங்கள். லிஞ்ச் பின் இருக்கிறதா, சக்கர நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புறங்கையைச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பேரிங்கில் கிரீஸ் இல்லாமல் இருக்கலாம்.

இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. உசிலம்பட்டியிலிருந்து தேனி ரோட்டில் ஆண்டிபட்டிக் கணவாய் இறங்குபவர்கள் இறங்கும்முன்பே, மேலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பாதி இறக்கத்தில் கியர் மாற்றக் கிளட்ச்சை மிதித்தால் அந்த நொடியில் வண்டி டிரைலரின் கைக்குப் போய்விடும். டிரைலருக்கென்று தனிப் பிரேக் இருந்தால் பாதிக் கவலை இல்லை. புதிதாக டிரைலர் செய்யக் கொடுப்பவர்கள் தொட்டிக்குப் பெயிண்ட் என்ன கலர் என்று யோசிக்கும் நேரத்தில் பிரேக் அச்சு போடச் சொல்லிக் கேட்கலாம்.

டிப்பரைத் தூக்கும் இடத்தில் மேலே கரண்டுக் கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். தரை சமமாக இருக்க வேண்டும். பின்கதவைத் திறந்த பிறகுதான் தூக்க வேண்டும். தொட்டி எழும்பி வண்டல் பின்பக்கம் சரியும்போது பாரம் முழுக்க அச்சுக்குப் பின்னால் போய்விடும், மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். அந்த நேரத்தில் மூக்கை டிராக்டரோடு பிடித்து வைத்திருப்பதும் அதே பின், அதே லிஞ்ச் பின்தான்.

கழற்றுவது

மாட்டியதற்குக் கிட்டத்தட்டத் தலைகீழ் வரிசை, கட்டை மட்டும் இங்கேயும் முதலில். முதலில் சக்கரத்துக்குக் கட்டை, அப்புறம் ஸ்டாண்டு. மழைக்காலத்தில் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகை வையுங்கள். கரிசல் மண்ணில் ராத்திரிக்குள் ஒரு முழம் இறங்கிவிடும், காலையில் மூக்கு மண்ணில் புதைந்து கிடக்கும். ஸ்டாண்டு பாரத்தை வாங்கிக்கொண்டதும் ஓஸ், ஒயர், சங்கிலி. கடைசியாகப் பின். இறுகிக்கொண்டு வரவில்லையென்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். ஜாக்கியை அரைச் சுற்று ஏற்றி இறக்கினால் தானாகத் தளரும்.

கழற்றிய பின்னைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, லிஞ்ச் பின்னோடு சேர்த்து டிராக்டரின் டூல் பாக்ஸில் போட்டுப் பூட்டிவிடுவேன். முன்பெல்லாம் டிரைலர் கொக்கியிலேயே தொங்கவிட்டு வருவது வழக்கம். பக்கத்து வயல் மாமா, "மாப்ள, இந்தா இப்பக் குடுத்துர்றேன்" என்று ஒரு நாள் எடுத்துப்போனார். கம்பியை வெட்டிச் சொருக ஆரம்பித்ததே அன்றைக்குத்தான்.